தாதரிலிருந்து ரெண்டு ராத்திரி

எண்பதுகளில் தாராவிப் பிள்ளைகளிடம் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் "ரெண்டு ராத்திரி" என்போம். பம்பாய்க்கும் மெட்ராஸுக்கும் தண்டவாளத்தில் சுமார் 1,280 கிலோமீட்டர் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்துச் சமாச்சாரம். முதல் ராத்திரி தாதரில் ஏறுகிற ரயிலில். அடுத்தது எழும்பூரிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில், மீட்டர்கேஜில், ஆடி ஆடி.

மே மாத லீவில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து டிரங்குப் பெட்டியோடு கிளம்புவோம். ரயில் நிற்பதற்குள் அப்பா ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடித்துவிடுவார். கர்ஜத்தில் மலையேற்றத்துக்காகப் பின்னால் கூடுதல் எஞ்சின்கள் கோப்பார்கள். அந்த நேரத்தில் வடாபாவ். பிறகு போர்காட் குகைகள். எத்தனை என்று எண்ணுவோம், ஒருவர் கணக்கு மற்றவருக்கு ஒத்துவராது, லோனாவ்லா வரை சண்டை. அங்கே சிக்கி வாங்கித் தந்து வாயை அடைப்பார்கள்.

நடுராத்திரியில் ஷஹாபாத் வந்தால் அப்பா எழுப்புவார். "ஏல, நம்ம வீட்டுத் தரைக்கல்லு இங்கெருந்துதாம்ல வருது." எங்கள் சந்தில் முக்கால்வாசி வீடுகளில் ஷஹாபாத் கல்தான். வெளியே இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனாலும் பார்ப்போம். ரெய்ச்சூரைத் தூங்கியே கடந்துவிடுவோம். பம்பாய்ப் பாதையும் மெட்ராஸ் பாதையும் 1871இல் அங்கேதான் இணைந்தன என்பது வளர்ந்த பிறகு படித்தது. குண்டக்கல்லில் பல் தேய்க்கும்போது கட்டுச்சோற்றில் மிச்சம் புளிச்சோறு மட்டும்.

குர்லா பக்கம் தாழ இறங்கும் விமானங்களைத் தினமும் பார்க்கிறவர்கள்தான் நாங்கள். அதில் போனால் மெட்ராஸுக்கு ரெண்டே மணி நேரம் என்பதும் தெரியும். வானத்தில் தூரமே குறைவு, ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஆரம்பத்தில் விமானமும் இவ்வளவு விரைசலாகப் போகவில்லை. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ஜூஹுவுக்குக் கொண்டுவந்த தபாலை நெவில் வின்சென்ட் மெட்ராஸுக்கு ஓட்டிப்போனார். வழியில் பெல்லாரியில் ராத்தங்கல். பெல்லாரி, நாங்கள் பல் தேய்த்த குண்டக்கல்லுக்குப் பக்கம்தான்.

அந்த ரெண்டு மணி நேரக் கணக்கு ஒருமுறை எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. "ஆச்சி சீரியஸ், உடனே வரவும்" என்று தந்தி. சீரியஸ் என்றால் என்ன என்று சந்தில் எல்லோருக்கும் தெரியும். அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோல் கம்பெனியில் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் கூடி, வசூல் பண்ணி ப்ளேனில் ஏற்றிவிடலாமா என்று யோசித்தார்கள். ஒரு பெரியவர் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார்: டிக்கெட் கிடைத்து, மீனம்பாக்கத்தில் இறங்கி, எழும்பூர் போய், அங்கிருந்து ஒரு ராத்திரி, அப்புறம் டவுன் பஸ். மே மாத வெயிலில் உடம்பை அதுவரை போட்டுவைக்க மாட்டார்கள். ப்ளேன் மெட்ராஸுக்குத்தான் போகும், ஊருக்குப் போகாது. அப்பா தாதருக்கே போனார். அவர் போய்ச் சேருவதற்குள் காடேற்றுச் சடங்கும் முடிந்திருந்தது.

1992இல் தூத்துக்குடி வாகைக்குளத்தில் விமான நிலையம் திறந்தார்கள். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அப்பா எட்டிப் பார்ப்பார். இப்போது சென்னையில் மாறி அன்றைக்கே ஊர் போய்விடலாம், டிக்கெட் போடட்டுமா என்று கேட்டால், "ரயில்ல போனா சோறு கெட்டிட்டுப் போலாம்லா" என்கிறார்.