பழைய மோட்டார் சைக்கிள்: திருத்துவதா, உருமாற்றுவதா?

ஒக்டோபர் 11, சனி, கிளிநொச்சி

மாரி இறுகுமுன் இந்த பஜாஜ் சிடி 100ஐப் பற்றி முடிவெடுக்க வேண்டும். பழுது பார்த்து அதே உருவில் ஓடுவதா, வெட்டி ஒட்டி வேறு உருவுக்குக் கொண்டுபோவதா? விற்பது கணக்கிலேயே இல்லை. முதல் மோட்டார் சைக்கிள் என்ற பற்று ஒன்று. விற்ற காசுக்கு அதே தரத்தில் இன்னொன்று கிடைக்காது என்பது மற்றது. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்த பிறகும், 2022இல் விழுந்த ரூபாவும் வரியும் சேர்ந்து புதியதை வாங்குவதைச் சாதாரணக் குடும்பத்துக்குப் பெரும் பாரமாக்கிவிட்டன. 2009இல் போர் முடிந்து மீள்குடியேறியபோது தறப்பாள் கொட்டில்களுக்கு முன்னால் லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிள்கள் நின்றன. கல்வீடு வருமுன் அவை வந்தன. தவணை கட்டி முடித்து இன்றும் அவற்றையே ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் வன்னியில் நிறைய. இந்தக் கேள்வி அவர்கள் எல்லோருக்கும் உரியது.

முதலில் நோயைப் பார்ப்போம். ஸ்டார்ட் செய்தவுடன் கொஞ்ச நேரம் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வு ஒயில் சீல் தேய்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். முறுக்கும்போதெல்லாம் புகை தொடர்ந்தால் றிங்கையும் சிலிண்டரையும் சந்தேகிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையால் கொஞ்சம் ஒயில் விட்டு அழுத்தத்தைச் சோதித்தால் விளங்கும்: அழுத்தம் கூடினால் குற்றம் றிங்கில், கூடாவிட்டால் வால்வில். இந்த எஞ்சினில் கூடுகிறது. சிலிண்டரைக் கடைந்து ஓரளவு பெரிய பிஸ்ரன் போட வேண்டிவரும். பின் ஸ்புறக்கற்றின் பற்கள் ஒருபக்கம் சாய்ந்து கொக்கிபோல வளைந்திருக்கின்றன. செயினை எவ்வளவு இறுக்கினாலும் இனிச் சரிவராது. செயினையும் முன் பின் ஸ்புறக்கற்றுகளையும் ஒன்றாக மாற்றினால்தான் புதிய செயின் நிலைக்கும். பெற்றோல் தாங்கிக்குள் டோர்ச் அடித்தால் அடியில் செம்மண் நிறத்தில் கறள். இவற்றில் ஒன்றையாவது புதிய ஹாண்டிலோ புதிய பெயின்றோ தீர்க்காது. உருமாற்றத்துக்கு ஒதுக்கும் காசு, நோயுள்ள இடத்தைத் தொடாமல் வெளியே செலவழிந்துவிடும். என் வாதத்தின் அடிப்படை இதுதான்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

நேற்று எழுதியதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அது வன்னியின் வரலாற்றிலிருந்தே வருகிறது. உருமாற்றம் நேற்று வந்த நாகரிகம் இல்லை. இந்த மண் அதில்தான் உயிர் பிழைத்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் மருந்துபோலக் கிடைத்த காலத்தில், ஜப்பானில் வடிவமைத்த எஞ்சின்கள் இங்கே மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலகுவில் ஆவியாகாது. அதனால் சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலைக் கொஞ்சம் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறினார்கள். ஹொண்டாவின் எம்டி 90, இரட்டைச் சிலிண்டர் சிடி 200 போன்றவை பெயர் பெற்றது அவற்றின் வேகத்தாலன்று, இத்தகைய காலத்தையும் தாங்கியதால். உதிரிப்பாகம் வராத ஊரில் ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் பொருத்திய மெக்கானிக்குகளின் அறிவு எந்தத் தொழில்நுட்பக் கல்லூரிப் பாடத்துக்கும் குறைந்ததில்லை. அந்த அறிவைப் பதிவு செய்யாமல் விட்டோமே என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

ஆனால் அந்த மாற்றங்களை உற்றுப் பார்த்தால் அவை என் பக்கமே சாட்சி சொல்கின்றன. ஓடாததை ஓடவைப்பதற்காக அவை செய்யப்பட்டன. பெரும்பாலும் சேஸியை வெட்டவில்லை. பெற்றோல் கிடைத்த நாளில் அதே எஞ்சின் பெற்றோலுக்குத் திரும்பியது. விலையும் கொடுத்தார்கள்: எரியாத மண்ணெண்ணெய் றிங்கைத் தாண்டி இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும், எஞ்சின் தட்டும், புகை கண்ணைக் கரிக்கும். வேறு வழியில்லாததால் ஏற்ற விலை அது. வழி இருக்கும்போது அதே விலையை அழகுக்காகக் கொடுப்பதற்கு அந்தத் தலைமுறையை உதாரணம் காட்டுவது பொருந்தாது.

நோயை முதலில் திருத்த வேண்டும் என்பதை 2022 இன்னொரு விதமாகக் காட்டியது. எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். லீற்றருக்கு 60 கிலோமீற்றர் ஓடினால் அது 240 கிலோமீற்றர். தேய்ந்த எஞ்சினும் ஒழுங்கில்லாத காபரேற்றரும் அதை 40ஆக இறக்கினால் 160. கிளிநொச்சியிலிருந்து பரந்தன் வழியாக முல்லைத்தீவு போய்வர 100 கிலோமீற்றருக்கு மேல். முதலாவது எஞ்சினால் வாரத்தில் இரண்டு தடவை போய்வரலாம், இரண்டாவதால் ஒரு தடவைதான்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

இளைஞர்கள் விரும்பும் ‘கஃபே ரேசர்’ உரு 1960களின் இங்கிலாந்தில் பரவியது. லண்டன் ஏஸ் கஃபே போன்ற இடங்களில் கூடியவர்கள் தார்வீதியில் குறுந்தூரம் விரைவதற்காகப் பாரத்தைக் குறைத்தார்கள், ஹாண்டிலைத் தாழ்த்தினார்கள், ஒற்றை ஆசனம் வைத்தார்கள். அந்த வேலைக்கு அது சரியான வடிவம். இங்கே வேலை வேறு. பின் ஆசனத்தில் மனைவியும் நடுவில் பிள்ளையும் இருப்பார்கள். இன்னொரு நாள் அதில் உரமூட்டை ஏறும். சேஸியின் பின்பகுதியை வெட்டிக் குறுக்கினால் அத்தனையும் போகும். பெட்டியோடு இருக்கும் எயார் பில்ற்றரைக் கழற்றிவிட்டுத் திறந்த கூம்பு பில்ற்றர் போடுவது அதைவிட மோசம். ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் உள்வீதிகள் இன்னும் கிரவல். கோடையில் முன்னால் ஒரு டிப்பர் போனால் எழும் செம்புழுதியில், தரமற்ற பில்ற்றரைத் தாண்டும் ஒவ்வொரு துகளும் சிலிண்டரை அராவும். மழையில் அதே வாய் தண்ணீரை இழுக்கும். காற்று கூடினால் ஜெற்றையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கலவை மெலிந்து பிஸ்ரன் அளவுக்கு மீறிச் சூடாகும்.

சட்டமும் உண்டு. எஞ்சினோ நிறமோ மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவிலும் மாற வேண்டும். விபத்தில் காப்புறுதி கேட்கும் நாளில் வெட்டி ஒட்டிய சேஸியே முதல் கேள்வியாக வந்து நிற்கும்.

ஒக்டோபர் 18, சனி

“உன் விருப்பத்துக்கு ஒன்றையும் செய்யக்கூடாதா?” என்ற மறுப்பு மிச்சமிருக்கிறது. அதை அலட்சியமாகத் தள்ள மாட்டேன். போரின் முடிவில் இருந்ததையெல்லாம் கைவிட்டு முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்த சமூகத்தில், ஓர் இளைஞன் தன் பொருளில் தன் அடையாளத்தைப் பதிக்க நினைப்பது நியாயம். அதனால் நான் வகுக்கும் எல்லை இது: ஸ்பானரால் பூட்டி ஸ்பானரால் கழற்றக்கூடிய மாற்றம் எல்லாம் சரி, வெட்டுவாளும் வெல்டிங்கும் தேவைப்படுவது எதுவும் வேண்டாம். இந்த எல்லைக்குள்ளேயே நிறைய இடம் உண்டு. இந்த மொடலில் முன்விளக்கு மின்கலத்திலிருந்து எரிவதில்லை; எஞ்சின் வேகம் குறைந்தால் வெளிச்சமும் மங்கும். இரவில் வீதிக்கு நடுவே மாடுகள் படுத்திருக்கும் ஊரில், மெதுவாகப் போகும்போதுதான் வெளிச்சம் அதிகம் தேவை. அதை மின்கல இணைப்புக்கு மாற்றுவது தேவையான உருமாற்றம், வேண்டாமென்றால் திருப்பவும் முடியும். பலமான கரியர், அகலமான மட்காட் றப்பர் ஆகியனவும் அப்படியே.

“கொம்பனிச் சாமானே கிடைக்காதபோது பழைய உரு என்று எதைச் சொல்கிறாய்?” என்று கேட்கலாம். எந்தக் கொம்பனியின் றிங் என்பதை நான் பார்க்கவில்லை. அளவும் பொருத்தும் இடமும் மாறாமல் இருந்தால் அடுத்த மெக்கானிக் கையேடு இல்லாமலே திருத்துவார். மாங்குளத்தில் நின்றுபோனால் அங்குள்ள கடையிலேயே சாமான் கிடைக்கும். வெட்டி உருவாக்கிய ஒன்றை அதைச் செய்தவர் மட்டுமே அறிவார். அவர் வெளிநாடு போய்விட்டால் அந்த அறிவும் போய்விடும்.

ஆகவே திருத்துகிறேன். சிலிண்டரை அளந்து பார்த்து, முன்பே ஒருமுறை கடைந்திருந்தால் அடுத்த அளவு பிஸ்ரன்; சுவர் மெலிந்திருந்தால் புதிய சிலிண்டர். கூடவே செயின் செற், பிரேக் லைனிங், பின் ரயர். தாங்கியின் கறளை எடுத்துவிட்டு பெற்றோல் குழாயில் புதிய பில்ற்றர். விளக்கு இணைப்பு அதற்குப் பிறகு. பெயின்ற் தை மாதம், வெயில் வந்தபின், அதே கறுப்பில்.