வரைபடத்தில் ஒரு வாய்க்கால்

சென்னைக்கு மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிறது. 2027 முதல் 2046 வரைக்குமானது. இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தை படித்து முடித்து வேலைக்குப் போகும் வரை எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை, எங்கே வயல் என்பதை அந்தத் தாள்கள் சொல்லும்.

*

முதல் திட்டம் 1975. இரண்டாவது 2008 செப்டம்பரில்தான் வந்தது. நடுவே 33 ஆண்டுகள். நகரம் அதுவரை காத்திருக்கவில்லை. ஏரிப் பாசனத்தில் விளைந்த ஊர்களில் மனைக்கல் நட்டார்கள், விற்றார்கள், வீடு கட்டினார்கள். புதிய திட்டம் வந்தபோது பல இடங்களில் அதற்கு மிஞ்சியது, நடந்து முடிந்ததைக் குறித்துக்கொள்ளும் வேலைதான்.

*

திட்டம் போட்டு என்ன நடந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு: கொத்தவால் சாவடியை நினைத்துப் பாருங்கள். ஜார்ஜ் டவுன் சந்துகளில் மூச்சுத் திணறிய காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனது. 2002-இல் பக்கத்திலேயே பேருந்து நிலையமும் வந்தது. தாளில் எழுதியது தாமதமாகவேனும் மண்ணில் இறங்கும். அதனால் எழுதும்போதே கவனம் வேண்டும்.

*

ஏரிகள் இருந்ததை ஊர்ப் பெயர்களும் சாலைப் பெயர்களும் சொல்லும். தாங்கல் என்றால் சிறிய ஏரி. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் சாலை. 1920-களில் மாம்பலம் ஏரியை வற்றவைத்துத்தான் தியாகராய நகரை அமைத்தார்கள். யாரும் இரவோடு இரவாக ஆக்கிரமித்ததல்ல. அரசே முறையாக வகுத்த நகரமைப்புத் திட்டம். திட்டமில்லாததால் மட்டும் ஏரிகள் போகவில்லை. திட்டத்தாலும் போயின. இதை மறக்கக் கூடாது.

*

பள்ளிக்கரணை. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் முகத்துவாரம் நோக்கிப் போகும் சதுப்பு நிலம். குப்பை மேடும் சாலைகளும் கட்டடங்களும் தின்றது போக மீந்ததில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022-இல் ராம்சார் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. மகிழ்ச்சி. ஆனால் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்களுக்கு எந்தப் பட்டியலும் இல்லை.

*

ஒருமுறை கிராம நிர்வாக அலுவலகத்தில் எங்கள் பகுதியின் பழைய கிராம வரைபடத்தைப் பார்த்தேன். ஏரி, வரத்துக் கால்வாய், உபரிநீர் வழியும் கலங்கல், மேய்க்கால், களம், வண்டிப்பாதை, மயானம். ஒவ்வொன்றுக்கும் தனி சர்வே எண். ஓர் ஊர் வாழ என்னென்ன வேண்டும் என்று யோசித்தவர்கள் விட்டுச்சென்ற கணக்கு அது. எங்கள் தெருவுக்குப் பின்னால் இரட்டைக் கோடாக ஒரு வாய்க்கால் ஓடியது. 2015 டிசம்பரில் வெள்ளம் அந்தக் கோட்டின் மேலேதான் வந்தது. தண்ணீர் தன் வழியில் வந்தது. வழியில் நாங்கள் இருந்தோம்.

*

பெருநகரப் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் 5,904 ஆக்கினார்கள். ஏறத்தாழ ஐந்து மடங்கு. புதிதாகச் சேர்ந்தவற்றில் எத்தனையோ ஊர்கள் இன்னும் ஏரியும் நெல்லுமாக இருக்கின்றன. பழைய நகரத்தில் நாம் இழந்ததை அங்கே இன்னும் இழக்கவில்லை. இந்தத் திட்டத்தின் மீது எனக்குள்ள நம்பிக்கை முழுவதும் அந்த ஊர்களில்தான் இருக்கிறது.

*

கேட்க வேண்டியவை:

குடியிருப்பு, வணிகம், தொழில் என்று வண்ணம் தீட்டுவதற்கு முன் தண்ணீரை வரைய வேண்டும். ஏரியை மட்டுமல்ல, வரத்து, கலங்கல், போக்கு, வெள்ளம் படரும் தாழ்நிலம் எல்லாவற்றையும்.

வரைவு வெளியாகும்போது சர்வே எண்ணோடு, தமிழில், ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் சுவரில் ஒட்ட வேண்டும். எந்தக் கலங்கல் எப்போது வழியும் என்பது ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். ஆட்சேபம் சொல்லும் வாய்ப்பு அவர்களுக்கும் எட்ட வேண்டும்.

நிலப் பயன்பாட்டு மாற்றம் கேட்டு வரும் விண்ணப்பம் எதுவானாலும், நீர்வழி நிலத்தில் மாற்றம் கிடையாது என்று எழுதிவைக்க வேண்டும்.

*

வரைவு வரும் நாளில் பழைய வரைபடத்தின் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு போவேன். புதியதில் முதலில் தேடப்போவது அந்த இரட்டைக் கோட்டை. இல்லையென்றால், என் முதல் ஆட்சேபத்துக்கான சர்வே எண் ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது.