கிளட்ச் மாற்றினால் ஏ.சி. ஏன் நிற்கிறது?

சித்திரை வெயிலில் மதுரைப் பக்கம் கார் ஓட்டுபவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிரேக்குக்கு அடுத்தபடி முக்கியம் ஏ.சி. தான் என்பார்கள்! அந்த ஏ.சி., வேறு வேலைக்காக வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டு எடுத்த மறுநாளே நின்று போனால்? "கிளட்ச் பிளேட் மாத்தத்தானே விட்டேன், ஏ.சி.யை ஏன் தொட்டீங்க?" என்று உரிமையாளருக்குக் கோபம். "நாங்க ஏ.சி. பக்கமே போகலை சார்" என்று மெக்கானிக்குக்கு வருத்தம். பல நேரங்களில் இருவருமே பொய் சொல்வதில்லை என்பதுதான் வேடிக்கை.

காரின் ஏ.சி., வீட்டு ஏ.சி. போல ஒதுங்கி நிற்பதில்லை. பெரும்பாலான கார்களில் கம்ப்ரஸரை இன்ஜின்தான் பெல்ட் மூலம் சுற்றுகிறது. கண்டென்ஸர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது. குளிர்ந்த காற்றைத் திருப்பிவிடும் கதவு டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. எந்த வேலைக்குக் கை நுழைத்தாலும் இவற்றில் ஏதாவது ஒன்றை நகர்த்தவோ, ஒரு வயரைக் கழற்றவோ வேண்டியிருக்கும். கழற்றிய கனெக்டர் ஒன்று சரியாக உட்காராவிட்டால் போதும், கூலிங் போச்சு!

ஆகவே முதல் கேள்வி "கேஸ் போச்சா?" என்பதல்ல, "எதை எதைக் கழற்றினீர்கள்?" என்பதுதான். கோபத்தில் வேறு கடைக்குப் போனால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆளை இழந்துவிடுகிறோம். புதிய கடைக்காரர் ஆரம்பத்திலிருந்து தேட வேண்டும்; செலவு நம் தலையில்.

அடுத்து, இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. பட்டனைப் போடுங்கள். பல கார்களில் கம்ப்ரஸர் பிடிக்கும்போது 'டிக்' என்று சத்தம் கேட்கும். கேட்காவிட்டால் பியூஸ், ரிலே, கம்ப்ரஸர் வயர், பிரஷர் சுவிட்ச் கனெக்டர் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் மிகவும் குறைந்திருந்தாலும் இந்தச் சுவிட்ச் கம்ப்ரஸரை ஓடவிடாது. (பானட்டைத் திறந்து பார்க்கும்போது கவனம்! மின்விசிறி எந்த நேரமும் சுற்றத் தொடங்கும். துப்பட்டா, துண்டு எதுவும் அருகில் தொங்கக் கூடாது.)

சாலையும் ஒரு சோதனைக்கூடம்தான். சமயநல்லூரிலிருந்து கப்பலூர் போகும் நான்குவழிச் சாலையில் வேகமாகப் போகும்போது நன்றாகக் குளிர்கிறது. அதே வண்டி விளாங்குடி வழியாக ஊருக்குள் வந்து நெரிசலில் நின்றதும் வெப்பக்காற்று வருகிறது என்றால், முதலில் கண்டென்ஸர் மின்விசிறியைச் சந்தேகியுங்கள். ஓடும்போது எதிர்காற்று செய்யும் வேலையை நிற்கும்போது அந்த விசிறிதான் செய்ய வேண்டும். ரேடியேட்டர் வேலைக்குப் பிறகு அதன் வயர் மாட்டப்படாமல் விடுபடலாம்.

பானட்டுக்குள் தடித்த ஏ.சி. குழாய் ஜில்லென்று இருந்தும் உள்ளே வெப்பக்காற்றே வந்தால், டேஷ்போர்டுக்குள் இருக்கும் அந்தக் கதவோ அதன் கேபிளோ நழுவியிருக்கக் கூடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் கேஸ் பக்கம் போக வேண்டும். பெட்ரோல் போல கேஸ் செலவாகித் தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசியும் இடத்தில் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். கசிவை அடைக்காமல் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான். பழைய ஆர்-12 கேஸ் ஓசோனைக் கெடுத்ததால் 1987-இன் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியே விலக்கப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். வீணாய்க் கசிவது நம் பணம் மட்டுமல்ல.

சில சமயம் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையும் உண்டு. பல மாதமாகக் கசிந்த கேஸ், கிளட்ச் மாற்றிய வாரத்தில் தீர்ந்திருக்கலாம். அதற்கு மெக்கானிக் என்ன செய்வார்? எனவே வண்டியை விடும்போதே அவர் எதிரில் ஏ.சி.யைப் போட்டுக் காட்டுங்கள். எடுக்கும்போதும் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. பணமும் மிச்சம், நல்ல மெக்கானிக்கின் நட்பும் மிச்சம்!