கணினிக்குள்ளேயே இருக்கும் புத்தகம்

டெர்மினலில் ‘எல்எஸ்’ என்று தட்டினால் கோப்புகளின் பட்டியல் வந்து நிற்கிறது. அந்த ‘எல்எஸ்’ஸும் வட்டில் ஓரிடத்தில் கிடக்கும் கோப்புதான். எங்கே என்று லினக்ஸிடமே கேட்கலாம். ‘விச்’ கட்டளை, ‘பாத்’ பட்டியலில் உள்ள கோப்புறைகளை வரிசையாகத் துழாவி, முதலில் அகப்படும் நிரலைக் காட்டும். ஒரே கணினியில் இரண்டு பைத்தான்கள் குடியிருக்கும்போது எது ஓடப்போகிறது என்பது இதில் தெரிந்துவிடும். பெர்க்லியில் பிறந்த ‘வேரிஸ்’ இன்னும் ஒரு படி மேலே போய், நிரல் இருக்கும் இடத்தோடு அதன் மேனுவல் பக்கம் இருக்கும் இடத்தையும் சொல்லும்.

இந்த ‘வேரிஸ்’ மேல் எனக்குத் தனிப் பிரியம். நிரலைத் தேடுகிறவருக்கு அதைப் பற்றிய எழுத்தும் வேண்டியிருக்கும் என்று யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த நினைப்பு லினக்ஸின் முன்னோடியான யுனிக்ஸில் தொடக்கம் முதலே இருந்தது. பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் வற்புறுத்த, கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய முதல் மேனுவலில் 1971 நவம்பர் 3 என்று தேதி இருக்கிறது. பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம், தொடர்புள்ள கோப்புகள் என்று இன்று மேனுவலைக் காட்டும் ‘மேன்’ கட்டளையைத் தட்டினால் வரும் தலைப்புகள் அப்போதே உண்டு. ‘பிழைகள்’ என்ற தலைப்பும் உண்டு. நிரலை எழுதியவரே அதன் குறையையும் எழுதி, பயனர் கையில் கொடுத்துவிடுகிறார். மென்பொருள் உலகில் இதைவிட நேர்மையான வழக்கத்தை நான் பார்த்ததில்லை.

இணையத்தில் தேடினால் போதாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அங்கே கிடைக்கும் விடை எந்தப் பதிப்புக்கு எழுதியதோ! ‘செட்’ கட்டளையையே பாருங்கள். கோப்பை அதே இடத்தில் திருத்தும் ‘ஐ’ விருப்பத்துக்கு மேக்கில் ஒரு பின்னொட்டு கொடுத்தே ஆகவேண்டும், அது வெற்றாக இருந்தாலும் சரி. லினக்ஸில் கொடுக்காமலும் விடலாம். ஒன்றுக்கான குறிப்பை மற்றொன்றில் போட்டால் வேலை கெடும். கணினியோடு வந்த மேனுவலோ அதில் நிறுவியிருக்கும் நிரலுக்கென்றே எழுதியது.

கட்டளையின் பெயர் தெரியாவிட்டால் ‘அப்ரொபோ’விடம் ஒரு சொல்லைக் கொடுத்தால் போதும், அதோடு தொடர்புள்ள பக்கங்களைக் கொண்டுவரும். ‘பாஸ்வேர்டு’ கட்டளைக்கு மேனுவலின் 1ஆம் பிரிவிலும், அதே பெயருள்ள கோப்பின் அமைப்புக்கு 5ஆம் பிரிவிலும் தனித்தனிப் பக்கங்கள் இருப்பதால், பிரிவு எண்ணையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

டெபியன், உபுண்டு வைத்திருப்பவர்கள் ‘யுஎஸ்ஆர்’ கோப்புறைக்குள் ‘ஷேர்’, அதற்குள் ‘டாக்’ என்று ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும். நிறுவிய தொகுப்புகளின் பெயரில் அங்கே கோப்புறைகள் இருக்கும். உரிமக் குறிப்பும், பெரும்பாலும் மாற்றங்களின் பட்டியலும் உள்ளே கிடைக்கும். சிலவற்றில் ‘ரீட்மீ டெபியன்’ என்றொரு கோப்பும் உண்டு. மூல ஆசிரியர் வைத்த இடத்திலிருந்து அமைப்புக் கோப்பை டெபியன்காரர்கள் எங்கே மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்பதுபோன்ற விவரங்கள் அதில்தான் இருக்கும். புதிதாக ஒரு சர்வரை அமைக்க உட்காருகிறவர்களிடம் முதலில் அதைத் திறக்கச் சொல்கிறேன்.