ஞாயிறு குறுக்கே, திங்கள் நேரே!

ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு முகூர்த்தத்துக்கும் போக வேண்டும், கபடியும் ஆட வேண்டும் என்று டெய்லரிடம் சொல்லிப் பாருங்கள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். கார் விஷயத்தில் நான் கேட்டது கிட்டத்தட்ட அதேதான். திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ். மாதத்தில் ஒரு ஞாயிறு டிரிஃப்ட். இரண்டுக்கும் ஒரே கார், ஒரே சஸ்பென்ஷன்.

டிரிஃப்ட் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. வளைவில் பின்சக்கரங்களை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, ஆக்ஸிலேட்டரை விடாமல், வளைவு முடிகிறவரை காரைக் குறுக்கே ஓட்டுவது. பார்க்கிறவருக்கு ‘போச்சு, வண்டி போச்சு’ என்று தோன்ற வேண்டும். ஓட்டுகிறவருக்குத் தோன்றக் கூடாது. அவ்வளவுதான் கலை.

இது ஜப்பான் சரக்கு. 1970-களில் குனிமித்சு தகஹாஷி என்ற பந்தய வீரர் இப்படி வழுக்கிக்கொண்டே வளைவில் நுழைவார். அதில் மயங்கிய கெய்ச்சி த்சுசியா மலைச்சாலைகளில் பழகிப் பழகி ‘டிரிஃப்ட் கிங்’ ஆனார். 2001 முதல் டி1 கிராண்ட் ப்ரீ என்ற பெயரில் இதற்கென்றே போட்டி நடக்கிறது. பொது ரோட்டில் செய்தால் அங்கேயும் போலீஸ் பிடிக்கும். அதனால் ஆசைப்பட்டவர்கள் காசு கட்டி சர்க்யூட்டுக்குப் போகிறார்கள்.

நான் வேலை பார்ப்பது உத்சுனோமியாவில். டோக்கியோவுக்கு வடக்கே சுமார் நூறு கிலோமீட்டர். அங்கிருந்து இன்னும் 130 கிலோமீட்டர் வடக்கே போனால் ஃபுகுஷிமா மாநிலத்தில் எபிசு சர்க்யூட். மலை மேலே, பக்கத்திலேயே சஃபாரி பார்க். ஒரு பக்கம் டயர் கிறீச்சிடும். இன்னொரு பக்கம் சிங்கம். யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்று தெரியாது.

கார், 2013 மாடல் டொயோட்டா 86, செகண்ட் ஹாண்ட். பின்சக்கரம் இழுக்கிற வண்டி. எடை ஒன்றேகால் டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஆபீஸ், குழந்தையின் தடுப்பூசி, அரிசி மூட்டை எல்லாம் இதில்தான். வாங்கின புதிதில் இருந்த ஷாக் அப்சார்பர்கள் பத்து வருஷத்தில் தளர்ந்துவிட்டன. மாற்றியே ஆக வேண்டும். எதை?

என் பக்கத்து சீட்டு ஜப்பானிய நண்பர் தயங்காமல் சொன்னார்: “முன்னால் பத்து கிலோ, பின்னால் எட்டு கிலோ. முடிந்தவரை தாழ்த்துங்கள்.”

இந்தக் கிலோ கணக்கு சுலபம். ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ வேண்டும் என்பதுதான் அது. ஐந்து கிலோ ஸ்பிரிங் மேல் எழுபது கிலோ ஆசாமி ஏறி நின்றால் 14 மில்லிமீட்டர் இறங்கும். பத்து கிலோ ஸ்பிரிங் என்றால் 7-தான். என் காரின் முன்பக்க ஒரிஜினல் ஸ்பிரிங் இரண்டரை கிலோகூட இல்லை. நண்பர் சொன்னது அதைப்போல நாலு மடங்கு முரட்டுத்தனம்.

நண்பரின் காரில் ஒருநாள் மத்தியானம் சாப்பிடப் போனோம். ரோட்டில் கிடந்த கோட்டுப் பெயின்ட் எத்தனை தடிமன் என்று என் முதுகெலும்பு சொல்லிவிட்டது. ஹோட்டல் வாசலில் சின்ன மேடு. நேராக ஏறினால் பம்பர் உரசும் என்று காரைக் கோணலாக்கி, ஒரு சக்கரமாக ஏற்றினார். மனுஷர் டிரிஃப்ட் ஆடாத நாளிலும் குறுக்கேதான் போகிறார்!

அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இறுக்கமான ஸ்பிரிங்கில் வண்டி சாய்வது குறைவு. இடது வழுக்கலிலிருந்து வலது வழுக்கலுக்கு மாற்றும்போது எடை சட்டென்று கைமாறும். ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்கும். போட்டிக்காரர்கள் அதற்காகத்தான் போடுகிறார்கள்.

ஆனால், டிரிஃப்டில் பின்சக்கரத்துக்குப் பிடிப்பே வேண்டாம் என்று நினைக்கிறார்களே, அது தப்பு. வழுக்கிக்கொண்டே வண்டியை முன்னால் தள்ளுவதும் அதே பின்சக்கரம்தான். மேடுபள்ளத்தில் முரட்டு ஸ்பிரிங் டயரைத் தரையில் உட்கார விடாது. தவளை மாதிரி தத்தும். தத்தும்போது தள்ள முடியாது. அதுவும் பழகுகிறவனுக்கு, எடை மெதுவாக மாறினால்தான் ‘இதோ வழுக்கப் போகிறேன்’ என்று வண்டி முன்கூட்டித் தந்தி கொடுக்கும்.

இன்னொரு யோசனை, ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஷாக் அப்சார்பரை அப்படியே விடுவது. செலவு கம்மி. ஆனால் ஸ்பிரிங் என்பது வாங்கின அடியைத் திருப்பிக் கொடுக்கிற ரகம். பக்கத்தில் நின்று ‘விடுப்பா, விடுப்பா’ என்று சமாதானம் செய்கிறவர்தான் ஷாக் அப்சார்பர். சண்டைக்காரர் பலம் கூடி, சமாதானக்காரர் கிழவராக இருந்தால் என்ன ஆகும்? வண்டி ஒரு பள்ளத்துக்கு மூன்று முறை குதிக்கும்.

இப்படி நான் கேட்லாக்கும் கால்குலேட்டருமாக இருந்தபோதுதான் ஊரிலிருந்து போன். அப்பாவும் அம்மாவும் பேரனைப் பார்க்க வருகிறார்கள். 2023 மே மாதம். மூன்று மாத விசா.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாமக்கல்லில் முப்பது வருஷம் லாரி டிரைவர். பாதி நாள் கேரளாவுக்கு முட்டை லோடு. அந்த முப்பது வருஷமும் அவர் இடுப்பில் சேமிப்புக் கணக்காக ஏறி, 2016-ல் முதுகில் ஆபரேஷனாக முதிர்ச்சியடைந்தது. ‘குலுங்கற வண்டியில போகவே கூடாது’ என்பது டாக்டர் உத்தரவு. அதற்கப்புறம் அவர் பக்கத்து ஊர் கல்யாணத்துக்குக்கூடப் போவதில்லை. விமானத்தில் வரச் சம்மதித்ததே பேரனுக்காக.

போனில் ஒரே ஒரு ஆசை சொன்னார். “அங்க நிக்கோன்னு ஒரு ஊர்ல மலைப்பாதை இருக்குதாமா கண்ணு? நாப்பத்தெட்டு வளைவாமா? டிவியில காட்டுனான். ஒருக்கா பாத்தரோணும்.”

இரோஹாசாகா. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. ஏற ஒரு ரோடு 20 வளைவு, இறங்க ஒரு ரோடு 28 வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஜப்பானிய அரிச்சுவடியின் ஓர் எழுத்தைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு பார்த்தவருக்கு இது தள்ளுபடி விற்பனைதான். ஆனாலும் ஆசை.

ஸ்பிரிங் விஷயத்தை அவரிடமே கேட்டேன். பத்து கிலோ யோசனையைச் சொன்னதும் சிரித்தார்.

“வெறும் லாரியில போயிருக்கியா கண்ணு?”

“சின்னப்ப போயிருக்கறனுங்கப்பா.”

“எப்பிடிக் குதிக்கும்? பத்து டன் ஏத்தறதுக்குப் போட்ட பட்டை அது. லோடு இருந்தா மெத்தையாட்டம் போகும். எறக்கிப்போட்டுத் திரும்பி வரப்ப பாரு, கொடலு வாய்க்கு வந்துரும். என்ற முதுகு போனது லோடு வண்டியில இல்ல, வெறும் வண்டியில. உன்ற காரு எத்தன எடையோ அத்தனைக்குத்தான் பட்டை.”

ஒன்றேகால் டன் காருக்குப் பத்து கிலோ ஸ்பிரிங் என்பது, ஆயுள் முழுக்கக் காலி லாரி ஓட்டுவது. கேட்லாக் நாற்பது பக்கத்தில் சொல்லாததை அப்பா நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

கடைசியில் போட்டது உயரம் மாற்றக்கூடிய காயில்ஓவர் செட். முன்னால் ஐந்து கிலோ, பின்னால் ஆறு. பின்னால் ஏன் அதிகம் என்றால், இந்தக் காரில் பின் ஸ்பிரிங் சக்கரத்தைவிட்டு உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் நாலு அங்குலம் ஏறினால் ஸ்பிரிங் சுமார் மூன்று அங்குலம்தான் அமுங்கும். அந்தக் கணக்கில் ஆறு கிலோ ஸ்பிரிங் சக்கரத்தில் மூன்றரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத்தான் வேலை செய்யும். கேட்லாக் எண்ணை அப்படியே நம்பி முன்னும் பின்னும் ஒப்பிடக் கூடாது.

தாழ்த்தியது இரண்டே சென்டிமீட்டர். ஜப்பானில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ‘ஷாகென்’ என்ற பரிசோதனை. தரைக்கும் வண்டிக்கும் 9 சென்டிமீட்டர் இடைவெளி இல்லையென்றால் ஃபெயில். ஜாக்கி வைத்துத் தூக்கும்போது ஸ்பிரிங் லொடலொடவென்று ஆடினாலும் ஃபெயில். அதனால் ஸ்பிரிங்கைத் தளர்த்தாமல், கீழ்க்குழாயைத் திருகி உயரம் மாற்றுகிற ரகமாகப் பார்த்து வாங்கினேன். தவிர, ரொம்பத் தாழ்த்தினால் ஸ்பிரிங் அமுங்க இடமிருக்காது. அடியிலுள்ள ரப்பர் கட்டையில் போய் மோதும். அப்புறம் எத்தனை கிலோவானால் என்ன, சஸ்பென்ஷனே ரப்பர் கட்டைதான்!

ஷாக் அப்சார்பர் தலையில் ஒரு திருகு. ஞாயிறு காலை சர்க்யூட்டில் சில க்ளிக் இறுக்குவேன். சாயங்காலம் திரும்பும்முன் தளர்த்திவிடுவேன். முதலில் தளர்த்த வேண்டும், பிறகுதான் டீ. மறந்தால் 130 கிலோமீட்டர் ஞாபகப்படுத்தும்.

செட் ஒன்றரை லட்சம் யென். பொருத்திய பிறகு வீல் அலைன்மென்ட் தனி. அதைத் தவிர்த்தால் இரண்டே மாதத்தில் டயரின் ஓர் ஓரம் மொட்டையாகும். எபிசுவில் இரண்டு ஞாயிறு பார்த்துவிட்டேன். என் ஜப்பானிய நண்பர் அளவுக்கு ஒய்யாரமாக வழுக்கவில்லை. ஆனால் தத்தவும் இல்லை. தந்தி கொடுத்துவிட்டுத்தான் வழுக்கியது.

இனி நிஜமான பரீட்சை. ஒரு சனிக்கிழமை காலை, அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்து, இடுப்பு பெல்ட்டைச் சரிபார்த்து, இரோஹாசாகாவுக்குக் கிளம்பினேன். அம்மா வரவில்லை. அந்தப் பின்சீட்டில் பேரனை மட்டும்தான் உட்காரவைக்க முடியும் என்பது அவள் கட்சி. கிளம்பும்போது என் கையைப் பிடித்து, “பாத்து ஓட்டு சாமி. மறுக்கா ஆபரேசன்னா ஒடம்பு தாங்காது” என்றாள்.

பாலத்து இணைப்புகள் ஒவ்வொன்றும் வரும்போது ரோட்டைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைத்தான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இடது கை மட்டும் தொடைமேல் இல்லாத கியரைப் போட்டுக்கொண்டிருந்தது. இருபது வளைவும் ஏறி, சூசென்ஜி ஏரிக்கரையில் நிறுத்தினேன். கதவைத் திறந்து, என் கையைப் பிடிக்காமல் தானே இறங்கினார். இடுப்பில் கை வைத்து ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

“முட்டை ஒடையல கண்ணு” என்றார்.

முப்பது வருஷ டிரைவர் கொடுத்த சர்ட்டிஃபிகேட். ஏரியை விட்டுவிட்டு நான் கொஞ்ச நேரம் காரின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

டீ குடித்துவிட்டுத் திரும்பக் காரில் ஏறினோம். இறங்கும் ரோட்டில் முதல் வளைவின் பலகையைப் பார்த்ததும் அப்பா மெதுவாக என் பக்கம் சாய்ந்தார்.

“என்னமோ குறுக்க ஓட்டுவீங்களாமே... ஒரு வளைவுல காட்டேன் பாக்கலாம்.”

“இன்னைக்கு சனிங்கப்பா” என்றேன்.