தூரவாணி

கன்னடத்தில் தொலைபேசிக்குத் தூரவாணி என்று பெயர். கிருஷ்ணராஜபுரத்தை அடுத்த தொழிலாளர் குடியிருப்பும் அதனாலேயே தூரவாணி நகர் என வழங்குகிறது. 1948இல் தோன்றிய ஐ.டி.ஐ. தொழிற்சாலையை நம்பித் தமிழகத்திலிருந்து வந்து இங்கே வேரூன்றிய குடும்பங்கள் பல. வாணி என்னும் சொல்மீது இம்மாநிலத்தார்க்குத் தனிக் காதல் போலும். 1935இல் மைசூரில் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தொடங்கிய சிறு வானொலி நிலையத்தின் பெயர் ஆகாசவாணி. பின்னர் அகில இந்திய வானொலியே அப்பெயரை ஏற்றது. நம்மவர்க்கு என்னவோ வானொலி என்றால்தான் நெஞ்சு நிறைகிறது.

1968இல் நான் அத்தொழிற்சாலையில் சேர்ந்தேன். தொலைபேசியின் எண்வட்டைச் சரிபார்ப்பது என் பணி. விரலால் சுழற்றி விட்ட வட்டு திரும்பி வருகையில் நொடிக்குப் பத்துத் துடிப்புகள் எழ வேண்டும். விரைந்தாலும் குறை, தளர்ந்தாலும் குறை. சில ஆண்டுகளில், கருவி காட்டுமுன்னரே என் செவி அதனைச் சொல்லிவிடும். ஆயிரமாயிரம் வட்டுகள் என் கையைக் கடந்து போயின. என் வீட்டில் மட்டும் தொலைபேசி இல்லை.

அன்னையார் திருப்பத்தூர்ப் பக்கத்துச் சிற்றூரில் இருந்தார். 1974இல் அவருக்கு உடல் நலிவுற்றது. குரலையாவது கேட்போமே என்று, இன்ன நாள் இன்ன நேரம் அஞ்சலகத்துக்கு வரும்படி கடிதம் எழுதிவிட்டு இங்கே டிரங்காலுக்குப் பதிவு செய்தேன். மின்னல் அழைப்புக்குச் சாதாரணக் கட்டணத்தைப்போல் எட்டு மடங்கு. என் சம்பளத்துக்கு அது எட்டாது. மூன்று மணி நேரம் காத்திருந்தபின் இணைப்புக் கிடைத்தது. "சாப்பிட்டியா ராசா?" என்றார். அவ்வளவுதான். எஞ்சிய நேரமெல்லாம் நான் கத்தினேன், அவர் அழுதார். மூன்று நிமிடம் முடிந்தது.

பிறகு ஊர் சென்றபோது அந்தத் தொலைபேசியைப் பார்த்தேன். கைப்பிடியைச் சுற்றி அழைக்கும் பழைய கருவி. அதில் எண்வட்டே இல்லை!

எங்களை உண்மையில் இணைத்தது இலங்கை வானொலிதான். மாலையில் ஊர்த் தேநீர்க் கடையில் கொழும்பின் தமிழ்ப் பாடல்கள் ஒலிக்கும். அல்சூரில் என் வாடகை அறையிலும் அதே சிற்றலை, அலைபோல் எழுந்தும் தாழ்ந்தும் வரும். (ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமப் புத்தகத்தில் முத்திரை பெறாமல் வானொலிப் பெட்டி வைத்திருக்க முடியாத காலம் அது. இதை இன்று என் பேரன் நம்ப மறுக்கிறான்.) எழுத்தறியாத அன்னையார் அண்டை வீட்டுப் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கும் கடிதங்களில், "நேற்றுக் கொழும்பில் போட்ட அந்தப் பாட்டை நீயும் கேட்டாயா?" என்ற வினா தவறாது இருக்கும். கேளாத நாளிலும் கேட்டேன் என்றே எழுதுவேன். அப்பொய்க்காக நான் நாணியதில்லை.

1979இல் தந்தி வந்தது. 2013 சூலையில் தந்திச் சேவையை நிறுத்தியபோது பலர் வருந்தினர், எனக்கு வருத்தமில்லை. 'தாய் கவலைக்கிடம், உடனே புறப்படு' என்றால் அந்நாளில் என்ன பொருள் என்பது தந்தி கொணர்ந்தவருக்கும் தெரியும். அவர் என் முகத்தைப் பாராமலே கையொப்பம் வாங்கிக்கொண்டு போனார்.

இரவு வண்டியில் சோலார்பேட்டை சென்று இறங்கி, விடிந்தபின் ஊர் சேர்ந்தேன். தேநீர்க் கடையில் வானொலியை நிறுத்தி வைத்திருந்தார்கள்.