டிரெக்ட் பண்ணி விடட்டா?

பேராதனையின் மார்கழி, தை மாதக் காலைகளைத் தெரிந்தவர்களுக்கு, சுடுதண்ணி ஹீற்றர் உள்ள போர்டிங் எவ்வளவு பெரிய விடயம் என்று விளக்கத் தேவையில்லை. நாங்கள் நாலு பேர், கலைப்பீடம், ஒரு வீட்டின் மேல்மாடி. மூன்று பேர் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும். குளிர் என்றாலே பயம். நாலாமவள் அட்டன்காரி. "எங்க லயத்துல அம்மா அடுப்புல வெறகு வச்சாத்தான் சுடுதண்ணி" என்று எங்களைப் பார்த்துச் சிரிப்பாள்.

பரீட்சை நெருங்கிய நேரம் ஹீற்றர் குழம்பியது. ஒருநாள் கை வைக்க ஏலாத கொதிப்பு. மறுநாள் பச்சைத்தண்ணி. வீட்டு அன்ரி ஒரு கரண்ட் பாஸைக் கூப்பிட்டா. அவர் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த சின்னச் சிவப்புப் பொத்தானை அமத்தினார். 'டிக்'. தண்ணி சுட்டது. இரண்டு நாளில் திரும்பக் கொதித்து, திரும்ப நின்றது.

இரண்டாம் முறை வந்தவர் சொன்னார்: "இது சும்மா சும்மா கட் ஆகுது. டிரெக்ட் பண்ணி விடட்டா? பிறகு பிரச்சினையே இல்ல."

அன்ரிக்குச் சம்மதம், செலவில்லையே. அட்டன்காரிதான் கேட்டாள்: "அண்ணே, அது கட் ஆகலனா என்ன நடந்திருக்கும்?"

"தங்கச்சி என்ன படிக்கிறீங்க?"

"தமிழ் ஸ்பெஷல்."

அவர் சிரித்தார். ஆனால் கேள்வி சரியான கேள்வி.

தாங்கி உள்ள ஹீற்றரில் காவல் இரண்டு. தண்ணி நாங்கள் வைத்த சூட்டுக்கு, பொதுவாக 60 பாகை செல்சியஸ் அளவுக்கு, வந்ததும் தேர்மோஸ்டற் கரண்டை நிறுத்தும். ஆறியதும் திரும்பக் கொடுக்கும். அது தவறிச் சூடு எல்லை மீறினால் கட்டவுட் ஒரேயடியாக வெட்டும். அந்தச் சிவப்புப் பொத்தான் கட்டவுட்டினுடையது. அது தானாகத் திரும்பாது, ஆள் வந்து அமத்த வேண்டும். ஏன் வெட்டியது என்று ஒருவர் யோசிக்கட்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

'டிரெக்ட்' என்றால் இரண்டையும் தாண்டி வயரைக் கொடுப்பது. பிறகு யாராவது சுவிட்சை நிறுத்த மறந்து விரிவுரைக்குப் போனால், தண்ணி கொதித்துக்கொண்டே இருக்கும். மிச்சக் காவல் பிரஷர் வால்வு ஒன்றுதான். அதுவும் உப்புப் படிந்து இறுகியிருந்தால் தாங்கியே வெடிக்கலாம். அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. 60 பாகைத் தண்ணியே சில செக்கன்களில் தோலை அவித்துவிடும்.

நாங்கள் "வேண்டாம்" என்று நின்றோம். அன்ரிக்கு முகம் சுருங்கியது. அன்று பின்னேரமே பொறியியல் பீட நண்பன் ஒருவன் மல்டிமீற்றரோடு வந்தான். மெயினை நிறுத்தி, டெஸ்டரால் கரண்ட் இல்லை என்று பார்த்து, வயர்களைக் கழற்றினான். முதலில் எலிமென்ற். 1500 வாற், 230 வோல்ற் என்றால் தடை கிட்டத்தட்ட 35 ஓம் வரவேண்டும், வந்தது. அதில் பிழையில்லை. அடுத்தது தேர்மோஸ்டற். தாங்கித் தண்ணி இன்னும் ஆறவில்லை. திருகியை ஆகக் குறைந்த சூட்டுக்கு வைத்தால் உள்ளே தொடுப்பு விலக வேண்டும். மீற்றர் 'பீப்' என்று கத்திக்கொண்டே இருந்தது. தொடுப்பு ஒட்டிப்போயிருந்தது. நோய் அங்கே; சிவப்புப் பொத்தான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது மட்டுமே.

மூன்றாம் முறை பாஸ் வந்தபோது அதே சோதனையைக் காட்டினோம். பேசாமல் பார்த்தார். புதுசு வாங்கி வந்து பூட்டினார். எங்களுடையது குழாய்க்குள் செருகும் கோல் வகை, தாங்கியை வடிக்கவும் தேவைப்படவில்லை. காசை அன்ரி பாதி, நாங்கள் பாதி.

'சும்மா சும்மா கட் ஆகுது' என்ற சொல் எங்களை விட்டுப் போகவில்லை. அடிக்கடி முறைப்பாடு சொல்லும் மாணவியைப் பற்றியும், வீட்டில் எதிர்த்துக் கேட்கும் பிள்ளையைப் பற்றியும் இதே தொனியில்தான் பேசுகிறார்கள். அவளை வாய்மூட வைத்தால் வீடு அமைதியாகும். சூடு குறையாது.

அட்டன்காரி இன்றைக்கும் பச்சைத்தண்ணியில்தான் குளிக்கிறாள். அந்தக் கேள்வியை அவள் எங்களுக்காகத்தான் கேட்டாள்.

உங்கள் போர்டிங்கிலும் அந்தப் பொத்தான் இரண்டாம் முறை வெளியே வந்தால், அமத்த முதல் தேர்மோஸ்டற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். டிரெக்ட் பண்ண மட்டும் விடாதீர்கள்.